மல்லிப்பூ என்று மோந்த பெருங்காயம்

எழுத்துக்கூட்டிப் படிக்க எனக்கு அரைநாள் ஆகும். அதனால் கொரோனா சமயத்தில் எனக்குச் சேதி சொன்னது தெருவில் மைக் கட்டிக்கொண்டு வந்த ஆட்டோதான். காய்ச்சல், இருமல், வாசனை தெரியாமல் போவது, எது இருந்தாலும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று தினமும் கத்தும். பக்கத்து வீட்டு பாயம்மாவுக்கு செல்போன்தான் டாக்டர். அதில் ஒருத்தர் மிளகை மென்று தின்னச் சொல்வார், இன்னொருத்தர் தொடவே கூடாது என்பார். இரண்டு பேரையும் நம்புவாள்.

அது நோன்பு மாதம். நோன்பில் இருப்பவள் கஞ்சியை ருசி பார்க்க முடியாது. மூக்கை வைத்தே உப்பு கம்மியா ஜாஸ்தியா என்று சொல்லிவிடுவாள். எனக்கும் மதில் மேல் ஒரு தூக்குக் கஞ்சி வரும். அன்றைக்கு வந்த கஞ்சி அடிபிடித்திருந்தது. மூடியைத் திறந்ததுமே தீய்ந்த நாற்றம். அது அவளுக்கு எப்படித் தெரியாமல் போனது? ஆட்டோ சொன்னது ஞாபகம் வந்தது. அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி வேறு.

நேராகக் கேட்டால் மழுப்புவாள். பெருங்காயக் கட்டியைத் துணியில் முடிந்து மதில்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

"பூ வாங்கியாந்தேன். நல்லாருக்கானு மோந்து பாரு."

மாஸ்க்கை இறக்கி மோந்தாள். "நல்ல மல்லிப்பூதான் அக்கா. கமகமனு கீது."

"அப்ப அவுத்துத் தலைல வை."

அவிழ்த்தாள். முகம் சுண்டிவிட்டது.

"எத்தினி நாளா?"

"ரெண்டு மூணு நாளா. யாராண்டயும் சொல்லாதக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனா பொட்டலமா கட்டித்தான் குடுப்பாங்களாம். போன்ல வந்துச்சு."

"உன்ன கட்டுறதுக்கு அவ்ளோ பெரிய துணி இந்த ஊர்ல ஏதுடி. பாய் உன் பக்கத்துலயே குந்தினு கீறாரு. அவர நெனச்சுப் பாரு."

மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலையில் அவளும் பாயும் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டார்கள். அவளுக்கு இருந்தது, அவருக்கு இல்லை. லேசாகத்தான் இருக்கிறது, தனி அறையில் இருந்தால் போதும், மூச்சு வாங்கினால் உடனே கூப்பிடுங்கள் என்று வீட்டுக்கு வந்த நர்சம்மா சொன்னார். நோன்பை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்று பாய் சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கும் நான் கஞ்சி காய்ச்சினேன். மனுஷன் முகம் சுளிக்காமல் குடித்தார்.

"உன் கஞ்சி ருசியே தெரியலக்கா" என்றாள் ஜன்னலிலிருந்து.

"பொழச்சுக்கினே போ."

அவருக்கு ஒன்றும் வரவில்லை. அவள் அறையை விட்டு வெளியே வந்த அன்று, அடுப்படியில் டப்பாக்களை இடம் மாற்றி வைத்ததற்காக அவரைத் திட்டித் தீர்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார். சத்தம் நன்றாகக் கேட்கட்டும் என்று நாற்காலியை மதிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.