மீராசா மாமாவின் கை

சாய்ந்தமருதில் மீராசா மாமாவிடம் அடி வாங்காதவர்களை ஒரே ஓட்டோவில் ஏற்றிவிடலாம், இடமும் மிஞ்சும். மாட்டிறைச்சிக் கடைக்காரர். ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானாக அறுக்கும் மாட்டைக் கொம்பைத் திருகியே மண்ணில் சாய்ப்பவர். மீன் வியாபாரி சாஜித்தின் மூக்கு இடப்பக்கம் பார்ப்பதும் அவர் கைவேலைதான்.

போன வருசம் சந்தையில் அதே சாஜித்தை ஓங்கிக் குத்தினார். குத்து, பிள்ளையைத் தட்டித் தூங்க வைப்பதுபோல விழுந்தது. சாஜித் திருப்பிக் கொடுத்ததில் மாமாவின் இரண்டு பற்கள் ஐஸ் பெட்டிக்குள் மீனோடு கிடந்தன.

பிறகு தோளில் சதை தானாகத் துடித்தது. கத்தி நழுவியது. எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதென்று ஊரே வைத்தியம் பார்த்தது. கருஞ்சீரகமும் தேனும் கரண்டி கரண்டியாக உள்ளே போயின. கடைசியில் நரம்பு டொக்டர் வினோஜ்தான் விசயத்தை உடைத்தார்.

"இது மோட்டார் நரம்பு நோய். தசைய அசைக்கிற நரம்புகள் செத்துக்கொண்டு வருது. ஏன் தொடங்குது எண்டு முழுசாத் தெரியாது. ஆனா எதிர்ப்புச் சக்தி குறைஞ்சதால இல்ல. அந்தச் சக்தியே உடம்புக்குள்ள இருக்கிற காவல்கார உயிர்க்கலங்கள்தான். காயப்பட்ட நரம்பக் காப்பாத்தத்தான் முதல்ல ஓடி வருது. பிறகு வெறி அடங்காம அந்த நரம்புக்கே அடிக்குது."

மாமாவின் மனைவி நுஸ்ரத் மாமி முக்காட்டால் கண்ணைத் துடைத்தார். "உங்களப் போலயே இரிக்கி. காவலுக்கு வந்து ஊட்டு ஆக்களுக்கே அடிக்கிற."

மாமா கையை ஓங்கவில்லை. ஏலாமையா, வெட்கமா, தெரியாது.

"மருந்து இரிக்கா?" என்று டொக்டரைக் கேட்டார்.

"வேகத்தக் கொஞ்சம் குறைக்கும். நிப்பாட்டாது."

"அப்ப இந்தப் பெருநாள் மாட்டையாவது என்ட கையாலதான் அறுப்பன்."

பெருநாள் தொழுகை முடிந்தது. தடுக்க வந்தவர்களைத் தூசண வார்த்தைகளால் திட்டி விரட்டிவிட்டு மாட்டின் கொம்பைப் பிடித்தார். விரல்கள் விட்டுவிட்டன. மாடு அவரை மதிலோடு வைத்து இடித்தது. விலா எலும்பு முறிந்தது எல்லாருக்கும் கேட்டது. விழுந்தவரை மிதிக்க அது திரும்பியபோது, கொம்பில் பாய்ந்து தொங்கியவர் சாஜித். மண்ணில் புரண்டு, உதைபட்டு, ஒருவழியாகச் சாய்த்தார். மற்றவர்கள் காலைக் கட்டினார்கள்.

மாமா வாயில் இரத்தத்தோடு தவழ்ந்து வந்தார். கத்தியை எடுத்தார், நழுவியது. மீண்டும் எடுத்தார், நழுவியது. ஒருவரும் சிரிக்கவில்லை.

சாஜித் கத்தியை அவர் உள்ளங்கையில் வைத்து, தன் கையால் மூடிப் பிடித்தார்.

"அமத்திப் புடிடா, கோண மூக்கா!"

"பிஸ்மில்லாஹ் சொல்லுங்க காக்கா," என்று சாஜித் அண்ணன் முறை வைத்தே சொன்னார்.

இரண்டு கைகளும் ஒன்றாக இழுத்தன. சுடு இரத்தம் இருவர் முகத்திலும் அடித்தது. மாடு அடங்கிய பிறகும் சாஜித் கையை எடுக்கவில்லை.