சுருளியப்பனுக்கு நான் சொன்ன நன்றி

வீரபாண்டித் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு புறப்பட்டு நின்றேன். கடை ஆள் ஓடிவந்து, "சுருளியப்பண்ணன் போயிட்டாகய்யா" என்றான். பூட்டிய வண்டியை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, அழுதுகொண்டே அவர் வீட்டுக்கு ஓடினேன். அந்த அழுகையை நினைத்தால் இன்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

போடியில் ஏலக்காய்த் தரகு பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். அவர் சிரித்தால் கடைவீதியே திரும்பிப் பார்க்கும். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. குச்சனூரில் விவசாயம் நொடித்துப்போய், முப்பது வயதுக்கு மேல் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். மலைத் தோட்டக்காரர்கள் புது ஆளை நம்பிச் சரக்கை ஒப்படைக்க மாட்டார்கள். சுருளியப்பன்தான் என் தோளில் கைபோட்டு ஒவ்வொருவரிடமும் கூட்டிப்போனார். "இவரு நம்ம ஆளு. எங்கிட்ட குடுக்கிறதும் இவருகிட்ட குடுக்கிறதும் ஒண்ணுதான்" என்பார். அந்த வார்த்தையில்தான் என் பிழைப்பு ஓடியது.

துண்டுக்கடியில் கைகோத்து, விரலைப் பிடித்து விலை பேசுவது நம் வழக்கம். சுற்றி நிற்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அந்தப் பேச்சு வரவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பழகுவோம். அவர் வாங்குகிறவர், நான் விற்கிறவன். "மொகத்தக் கல்லாட்டம் வச்சுக்கங்க. கண்ணு பேசிருச்சுன்னா சரக்கு போச்சு" என்பார். அப்படியே வைத்துக்கொண்டேன்.

நாலைந்து வருஷத்தில், தோட்டக்காரர்கள் மலையிலிருந்து இறங்கியதும் என்னைத் தேட ஆரம்பித்தார்கள். அவரிடமே கொடுத்துவந்த இரண்டு பெரிய தோட்டக்காரர்களும் என்னிடம் வந்தார்கள். பதறிப்போய் அவரிடம் சொன்னேன். "அதுக்கென்னங்க, ஒங்க வளர்ச்சி எனக்குப் பெருமதான்" என்றார். கண்கலங்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன், மடையன்.

யுத்தம் தொடங்கிய வருஷம் எல்லாம் தலைகீழானது. யாரிடம் கை கொடுத்தாலும், நான் இறங்கக்கூடிய கடைசி விலையிலேயே வந்து நின்றார்கள். அதற்குமேல் ஏற மறுத்தார்கள். அதே சரக்கு மற்றவர்கள் கையில் கூடுதலாகப் போனது. ராமசாமிக்குக் கைராசி போய்விட்டது என்று மலை முழுக்கப் பேச்சு. தோட்டக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் விலகினார்கள். அப்போது சுருளியப்பன் வீடு தேடி வந்தார். "எங்கூட வந்து இருங்க ராமசாமி. நான் இருக்கேன்ல?" என்றார். அன்றிலிருந்து, அவர் பேசி முடித்த சரக்கை எடைபோட்டு அனுப்புவது என் வேலையானது. ஒவ்வொரு தீபாவளிக்கும் அவர் வீட்டுக்குப் போய், "நீங்க இல்லேன்னா எங்குடும்பம் இல்ல" என்று சொல்லிவந்தேன்.

சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது, நம்மிடம் ஏலக்காய் வாங்கும் வியாபாரி தேவசகாயம் என்னோடு நடந்தார். அவர் வெள்ளை மனசுக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அவுக கெட்டிக்காரத்தனம் யாருக்கு வரும்? கடைசி வெல வந்துட்டா ஒங்க கட்டவெரலு தன்னால உள்ள மடங்கும்னு எங்க நாலஞ்சு பேருகிட்ட அவுகதான சொன்னாக. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்றார்.

என் விரல் மடங்குவது எனக்கே தெரியாது. தினமும் எதிரே உட்கார்ந்து என் கையைப் பிடித்திருந்தவருக்குத்தான் தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன். ஊருக்குச் சொன்னார், எனக்குச் சொல்லவில்லை. சண்டைபோடக்கூட ஆள் இல்லை.

இப்போது அவர் இடத்துக்கு என்னை வரச்சொல்லித் தோட்டக்காரர்கள் கேட்கிறார்கள். அவருடைய சிநேகிதன் என்பதுதான் காரணம். போகத்தான் போகிறேன். தோளில் கைபோட்டு என்னைக் கூட்டிப்போன அந்த முதல் வருஷங்கள் பொய்யில்லை; அவற்றை நான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் தீபாவளிதோறும் அவர் வாசலில் நின்று சொன்ன நன்றியை என்ன செய்வது? ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்து, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று அதை வாங்கிக்கொண்டார்.