எந்த மருந்து?

அறுபதுகளில் பம்பாயில், தாராவி ஜனங்கள் வரும் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில், பெயர் பதியும் கவுன்டரில் குமாஸ்தாவாக இருந்தேன். டாக்டரம்மா மராத்திக்காரர். தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி வந்தால் நான்தான் அவருக்கு வாய். மாட்டுங்காவில் தமிழ் வீட்டில் பிறந்தவள், எனக்குத் தமிழ் முழுக்கத் தெரியும் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும்தான்.

ஒரு திங்கட்கிழமை காலை, வரிசை தெருவரை நின்றது. தோல் பட்டறையில் வேலை செய்யும் திருநெல்வேலிக்காரர் ஒருவர் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்.

"மருந்து குடிச்சிட்டாம்மா" என்றார். குரலே எழும்பவில்லை.

எங்கள் வீட்டில் மருந்து குடிப்பது என்றால் கஷாயம், இல்லாவிட்டால் டானிக்.

"குடிச்சாச்சோன்னோ? அப்பறம் என்ன அவசரம்? ஒக்காருங்கோ, கூப்பிடுவா."

ஃபாரத்திலும் அப்படியே, மருந்து சாப்பிட்டிருக்கிறார் என்று இங்கிலீஷில் எழுதினேன். அவர் மனைவியை பெஞ்சில் உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் வந்து அதையே சொன்னார். எனக்குச் சுள்ளென்று வந்தது.

"ஒரு தரம் சொன்னாப் போறாதா? நேக்குக் காது நன்னா கேக்கறது."

திரும்பிப் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். வரிசையில் நின்ற ஒரு பெண்தான் கத்தினாள்: "ஏ கூறுகெட்ட மனுசா, பூச்சி மருந்துன்னு சொல்லித் தொலையேன்! அந்தம்மாவுக்கு வெளங்கலல்லா!"

ஐயோ பகவானே! ஃபாரத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

அவர் மனைவி பிழைத்துக்கொண்டாள். நான் உட்கார வைத்த அரை மணியில் போயிருந்தால்? முதலில் அந்த மனிதர் மேல்தான் எனக்கு எரிச்சல், விஷம் என்று வாய்விட்டுச் சொன்னால் என்ன என்று. அவர்கள் பேச்சில் அதற்கு அதுதான் வார்த்தை என்று பிறகு தெரிந்தது. இரண்டு தரம் சொல்லியிருக்கிறார். போதாததற்கு, தற்கொலை முயற்சி என்றால் அப்போது போலீஸ் கேஸ். பயந்த மனுஷன் அதற்கு மேல் என்ன விளக்குவார்? எனக்கு வெட்கமாகப் போயிற்று.

டாக்டரம்மா திட்டவில்லை. 'மருந்து குடிச்சிட்டா' என்பதை என்னைச் சொல்லச் சொல்லி, தேவநாகரியில் அட்டையில் எழுதி, கவுன்டரில் ஒட்டினார். கீழே ஒரே கேள்வி: எந்த மருந்து? யார் உட்கார்ந்திருந்தாலும் அதைக் கேட்ட பிறகுதான் ஃபாரம்.

அதோடு விடவில்லை. வாரம் ஒரு தரம் நான் அவள் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டுமாம். குமாஸ்தாவுக்கு இதென்ன வேலை என்று முணுமுணுத்துக்கொண்டே வியாழக்கிழமைகளில் போனேன். அவள் குடித்த மூட்டைப்பூச்சி மருந்தை இனி வீட்டில் வைக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியனுப்பியிருந்தார். கணவர் அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பூட்டிவிட்டார். அந்த வீட்டு வரிசையில் யாருக்குத் தேவைப்பட்டாலும் அவரே வந்து அடித்துவிட்டு, பாட்டிலைக் கையோடு எடுத்துப் போவார்.

"மறுபடி அந்த நெனப்பு வரதா?" என்று அவளிடம் நேராகவே கேட்டேன். டாக்டரம்மா அப்படித்தான் கேட்கச் சொல்லியிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி பதறினாள். "அதப் போயி ஞாபகப்படுத்துவாகளா?"

அவள் மட்டும் பதறவில்லை. "மொதல்ல தெனமும் வந்துச்சு. இப்பம் எப்பமாது" என்றாள். ஏன் குடித்தாள் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். ஒரே காரணமாக இருக்கவில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று ஒவ்வொரு வாரமும் போனேன், கேட்காமலே திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்து, உடம்பு அசதியாக இருக்கிறதென்று அவளே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டாக்டரம்மா ஒரு டானிக் பாட்டிலைக் கொடுத்து என்னிடம் விளக்கச் சொன்னார்.

"இந்த... இதை மூணு வேளை... சாப்பாட்டுக்கு அப்பறம், இந்த பாட்டில்ல இருக்கறதை..."

அந்த வார்த்தையைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரித்தாள். அதுவரை அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"மருந்துன்னே சொல்லுங்கம்மா" என்றாள். "குடிக்கேன்."