வாடகைக்கு வந்த கரடி

சின்னச்சாமி அண்ணன் போன் செய்தபோது நான் துடியலூர்ச் சந்தையில் கத்தரிக்காய்க்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். சொத்தைக் காயை என் தலையில் கட்டப் பார்த்தார். நானும் விடுவதாக இல்லை. "அம்மணி, நம்ம கரடி போயிருச்சு" என்றார் அண்ணன். சொன்னதும் போனை வைத்துவிட்டார். கூடையிலிருந்த காயைக் கடைக்காரர் தராசிலேயே கொட்டிவிட்டு, ஒன்றும் வாங்காமல் பஸ் ஏறினேன். சண்டையைப் பாதியில் விட்டது எனக்கு அதுதான் முதல் முறை.

இறந்தவர் ரஷீத் பாய். ஆர்.எஸ்.புரத்தில் பீங்கான் கடை வைத்திருந்தவர். உங்களில் பலருக்கு அவர் முகம் தெரியாது, குரல் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில், எங்கள் லோக்கல் கேபிளில் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு துருக்கிக் கார்ட்டூன் ஓடியதே, அதில் கரடிக்குப் பேசியவர் அவர்தான். வாத்துக்கும் முள்ளெலிக்கும் நான் பேசினேன். எந்நேரமும் தூங்கிவழிகிற பூனைக்குச் சின்னச்சாமி அண்ணன். அந்த ஞாயிறுகளில் இட்லித் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்திருந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சின்னச்சாமி அண்ணன் சூலூர்ப் பக்கம் தோட்டங்காடு உள்ளவர். தென்னை போதாதென்று கேபிள் தொழிலில் இறங்கி, ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து, மேலே பெரிய டிஷ்ஷை நிறுத்தியிருந்தார். பிறந்தநாள் வாழ்த்தும் நகைக்கடை விளம்பரமும் வாசிப்பது என் வேலை. ஒரு ஆடிக்காற்று அந்த டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்பிவிட்டது. மறுநாள் காலை டிவியைப் போட்டால் நாங்கள் கேட்டே இராத ஒரு பாஷை. மலைச்சரிவில் சிவப்பு ஓட்டு வீடு. உள்ளே ஒரு கரடி, ஒரு வாத்து, ஒரு பூனை, ஒரு குட்டி முள்ளெலி. இடுப்பு சிறுத்த கண்ணாடி டம்ளர்களில் டீ. ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டியது. எங்கள் திரையிலும் எந்நேரமும் வெள்ளைப் புள்ளிகள் கொட்டும் என்பதால், எது அந்த ஊர்ப் பனி, எது எங்கள் டிஷ்ஷின் கோளாறு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அண்ணன் அதை டேப்பில் பிடிக்கத் தொடங்கினார்; நாங்கள் இருவரும் வேலையை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிகழ்ச்சி முடிந்ததும் பிறையும் நட்சத்திரமும் உள்ள சிவப்புக் கொடி ஒன்று வந்தது. அண்ணன் அதைப் பார்த்தாரோ இல்லையோ, படியிறங்கி ஓடி, கீழ்க்கடையிலிருந்து ரஷீத் பாயைக் கையோடு அழைத்து வந்துவிட்டார். "பாய், இது உங்க பாஷைதானுங்களே? என்ன பேசுதுன்னு சொல்லுங்க" என்றார். கோயமுத்தூரில் பிறந்து, கோயமுத்தூரிலேயே வியாபாரம் செய்கிற மனிதரிடம் போய் இப்படிக் கேட்க எங்கள் அண்ணனால்தான் முடியும். பாய் சிரிக்கவில்லை. "நமக்குத் தமிழ்தானுங்க தெரியும். அரபு ஓதுவனுங்க, அர்த்தம் கேட்டா அதுக்கும் பள்ளிவாசல் அசரத்துகிட்டத்தான் போவோணும்" என்றார். சொல்லிவிட்டு டேப்பை மறுபடி ஓடவிடச் சொன்னார். கரடி வாயைத் திறந்ததும், "ஏனுங்க, இந்த ஊட்டுல ஒரு டீ கெடைக்குமுங்களா?" என்று மெதுவாகச் சொன்னார். அது அத்தனை பொருத்தமாக இருந்தது. வாத்துக்கு நான் வாயைத் திறந்தே ஆகவேண்டியிருந்தது. "இப்பத்தானே குடிச்சீங்க?" என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. வார நாளில் டேப்பில் பிடித்துவைத்து, சத்தத்தை அடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மைக்கில் நேரடியாகப் பேசுவோம். எழுதி வைத்துக்கொள்வதெல்லாம் கிடையாது. தப்பினால் தப்பியதுதான். கரடி உருவத்துக்கு உறுமுகிற குரல்தானே வேண்டும் என்று நான் ஒருநாள் பாயைச் சீண்டினேன். "பீங்கானுக்கு நடுவுல நின்னு பொழைக்கறவன் சத்தம் போடவா பழகுவான், அம்மணி? நம்ம கரடி இப்படித்தானுங்க பேசும்" என்றார். கரடி அப்பா, வாத்து அம்மா, முள்ளெலி மகன், பூனை தண்டச்சோறு மாமா என்று உறவுமுறை வகுத்தது நான்தான். அதன்பின் கரடி வாத்தைப் பெண்டாட்டி போல வா போ என்றே பேசியது. ஒரே வீட்டில், ஒரே மேஜையில் சாப்பிட்டால் குடும்பம்தானே? வேறாக இருக்கலாம் என்று யாரும் யோசிக்கவே இல்லை.

அந்தக் காலத்தில் என் வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன், மறைக்க ஒன்றுமில்லை. என் கணவர் சூரத் மில்லுக்கு வேலைக்குப் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பத்தை அமைத்துக்கொண்டார். அது துடியலூரில் எல்லோருக்கும் தெரியும், ஒன்றாம் வகுப்பு படித்த என் மகள் பூரணியைத் தவிர. கிளம்பும்போது அவர் அவளிடம் "போயிட்டு வாரேன் கண்ணு" என்று சொல்லியிருந்தார். அதனால் அவள் தினமும் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே படியில் உட்கார்ந்து மேட்டுப்பாளையம் ரோட்டில் வந்து நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்ப்பாள். சோறு உண்ணக் கூப்பிட்டாலும் எழ மாட்டாள். "எப்பம்மா வருவாரு?" என்பாள். "வந்துருவாரு" என்பேன். ஊரில் யாரிடமும் வாய் அடங்காத நான், பெற்ற பெண்ணிடம் தினம் தினம் அந்த ஒரு பொய்யைச் சொல்லி அவளைப் படியிலேயே உட்கார வைத்திருந்தேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு நோன்புப் பெருநாளன்று பாய் தூக்குப்போசியில் பிரியாணி கொண்டுவந்து கொடுத்தார். படியில் இருந்தவளிடம் "யாருக்குக் கண்ணு காத்திருக்கற?" என்று கேட்டார். "எங்கப்பா வாரேன்னு சொன்னாருங்க" என்றாள். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அடுத்த பஸ் வந்து போகும்வரை அவளோடு படியில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

பிறகு எங்கள் கார்ட்டூனுக்கே ஒரு சோதனை வந்தது. சூலூரில் ஒரு மில்லுக்குத் தறி மிஷின் பொருத்த வந்திருந்தவர் துருக்கிக்காரர் என்று கேள்விப்பட்டு, அண்ணன் அவரைப் பிடித்துவந்து டிவி முன்னால் உட்காரவைத்தார். அந்த மனிதர் எங்கள் தமிழைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருக்கும் அரைகுறை இங்கிலீஷ், அண்ணனுக்கும் அரைகுறை இங்கிலீஷ். இரண்டும் சேர்ந்ததில் ஒரு உண்மை வெளிவந்தது. கரடி அந்த வீட்டு அப்பா இல்லை. மாடியறையில் வாடகைக்கு இருக்கிறவர். வாத்துதான் வீட்டுக்காரம்மா. பாய் முகம் செத்துவிட்டது. "அட என்னங்க இது! ஊட்டுக்கார அம்மாவைப் போயி இத்தனை நாளா வா போன்னு பேசிப்போட்டனே!" என்றார்.

அடுத்த ஞாயிறிலிருந்து கரடி வாத்தை வாங்க போங்க என்று பேசத் தொடங்கியது. காரணம் தெரியாத உங்களில் எத்தனை பேர் போன் செய்தீர்கள்! சாய்பாபா காலனியிலிருந்து ஒரு அம்மா, "கரடி ரொம்பத் திருந்திருச்சுங்க. எங்க ஊட்டுக்காரரையும் பக்கத்துல உக்கார வெச்சுப் பாக்க வெக்கறனுங்க" என்றார். உறவை மட்டும் நாங்கள் மாற்றவில்லை. திடீரென்று கரடி அப்பா இல்லை என்று எப்படிச் சொல்வது? பூரணி பக்கத்து வீட்டு ராணியக்கா டிவியில் ஒரு வாரமும் விடாமல் பார்க்கிறாள். அம்மா குரல் வாத்திலிருந்து வருவது அவளுக்குத் தெரியும். அதனால் கரடியை அவள் பாதி எங்கள் வீட்டு ஆளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

கடைசி டேப்பை வார நாளில் போட்டுப் பார்த்தோம். கரடி தன் பெட்டியைக் கட்டுகிறது. வண்டி வந்து நிற்கிறது. முள்ளெலி பின்னாலேயே ஓடுகிறது. வண்டி நகர்ந்ததும் வாத்து ஒரு செம்புத் தண்ணீரை அதன் பின்னால் வீசி ஊற்றுகிறது. "பொணம் எடுத்த ஊட்டுலதான் இப்படித் தண்ணி ஊத்துவாங்க. இதை ஞாயித்துக்கெழம போட முடியாது" என்று நான் கத்தினேன். அண்ணனோ அதற்குள் 'இறுதிப் பகுதி' என்று அறிவித்துவிட்டார். முடிவில் நான் பாயிடம் கெஞ்சினேன். "எப்படியாச்சும் 'போயிட்டு வாரேன்'னு சொல்லிருங்க பாய். அது போதும்." அவர் கடைக்கு நேரமாயிற்று என்று படியிறங்கிப் போய்விட்டார்.

ஞாயிறு வந்தது. திரையில் வழக்கம்போலப் புள்ளிகள், அந்தப் பக்கமும் பனி. கரடி பெட்டியோடு வாசலுக்கு வந்தது. முள்ளெலி அதன் கையைப் பிடித்தது. முள்ளெலியின் குரல் என்னுடையது. பேசுவதற்கு வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. "அப்பா, எப்ப வருவீங்க?" என்றேன். தினமும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி என் வாயிலிருந்தே வந்துவிட்டது.

திரையில் கரடி குனிந்து முள்ளெலியைப் பார்த்தது. அப்போது பாய் சொன்னார்: "கண்ணு, நான் போறேன். வாரேன்னு சொல்லமாட்டேன். அப்படிச் சொன்னா நீ இந்தப் படியிலயே உக்காந்துக்குவே. எனக்கு இனி வேற ஊடு. நான் போறதுக்கு நீ ஒண்ணும் பண்ணலை, கண்ணு. நீ உள்ள போயி அம்மாகூட உக்காந்து சோறு உண்ணு."

வாத்து தண்ணீர் ஊற்றியது. நான் பேசவேண்டிய இடம். பேசவில்லை. அன்றைக்கு டிவி முன்னால் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும், கடைசிக் காட்சி முழுவதும் சத்தமே இல்லாமல் ஓடியது. கோளாறு என்று நினைத்து நீங்கள் டிவியைத் தட்டியிருப்பீர்கள். கோளாறு டிவியில் இல்லை, என்னிடம்.

மைக்கை அணைத்ததும் பாய் மேல் பாய்ந்தேன். "யாரைக் கேட்டுங்க அப்படிச் சொன்னீங்க? எங்க ஊட்டுப் பேச்சை ஊரறியப் பேச நீங்க யாரு?" வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் நின்று கேட்டார். "தப்புன்னா மன்னிச்சுருங்க அம்மணி. அந்தப் புள்ள மூஞ்சி கண்ணுலயே நின்னுது. வாரேன்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க" என்றார். அந்த மனிதர் என்னிடம் சொன்ன வார்த்தைகளில் நான் ஒரு எழுத்தும் மறக்காதது இதுதான்.

அந்தத் தண்ணீரின் அர்த்தம் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நாட்டில் வெளியூர் போகிறவர்கள் பின்னால் தண்ணீர் ஊற்றுவார்களாம், தண்ணீர் போல இலகுவாகப் போய்த் திரும்ப வாருங்கள் என்று. கடைக்கே போய்ப் பாயிடம் சொன்னேன். கையிலிருந்த கிண்ணத்தைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அப்ப உங்க வாத்து திரும்பி வாங்கன்னு சொல்லிருக்குது, நம்ம கரடி வரமாட்டேன்னு போயிருக்குது. ரெண்டு பேரும் மனசுல இருந்ததத்தானுங்க சொல்லிருக்கோம்" என்றார். எங்கள் தமிழ்க் குரல் எதுவும் டேப்பில் இல்லை. பேசியது அந்தந்த ஞாயிறோடு காற்றில் போய்விட்டது. ஒருவேளை நாங்கள் மூன்று பேரும் கண்ட ஒரே கனவோ என்றுகூடச் சில சமயம் தோன்றும். உங்களில் யாராவது அந்தக் கரடியை நினைவு வைத்திருப்பதாகச் சொன்னால்தான் எனக்கு நம்பிக்கை வருகிறது.

பாயின் வீட்டுக்குப் போய் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று யோசித்தேன். அந்த ஞாயிறின் சாயங்காலம் மிஞ்சியிருக்கிறது. கோபம் தணியாமல் துடியலூரில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். படியில் பூரணி இல்லை. பதறிக்கொண்டு உள்ளே ஓடினால், அடுக்களையில் தட்டைப் போட்டு, எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கரடிக்கு வேற ஊடு இருக்குதாம்" என்றாள். "அப்பாவுக்கும் இருக்குதா?"

"இருக்குது கண்ணு" என்றேன்.

அவள் எனக்கு எடுத்து வைத்த தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "சோறு போடும்மா, பசிக்குது" என்றாள்.