பட்டு விரித்து வைத்த மடிக்கணினி

மறைந்த என் தமையனார் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்த பாசுர உரை, மடிக்கணினியில் மட்டுமே இருந்தது. அதை வெறும் மேசையில் வைக்க மனம் ஒப்பாமல் பட்டுத்துணி விரித்து வைத்தேன். கணினி அடுப்பாய்ச் சுட்டது. சேலையூர்க் கடையில் பழுதுபார்ப்பவர், "பிராசஸருக்குப் போற வோல்டேஜைக் கொறச்சிட்டேன், இனிமே சுடாது சார்" என்றார்.

சூடு தணிந்தது. மூன்றாம் நாள், உரையைத் திருத்திச் சேமிக்கையில் திரை நீலமாகி நின்றது. கோப்பு பிறகு திறக்கவேயில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்த பழுதுபார்ப்பவர் திகைத்தார். "இன்னா சார், காத்து போற ஓட்டையெல்லாம் பட்டு அடைச்சுகினு கீது! சூடு அதாலதான். தெரிஞ்சிருந்தா வோல்டேஜுல கைய வச்சிருக்கவே மாட்டேனே. வோல்டேஜு பத்தாமதான் பாதியில நின்னு ஃபைலு கெட்டுப்போச்சு."

தமையனாரிடம் இனிக் கேட்டெழுத இயலாது. நினைவில் நிற்பதை மட்டும் மீண்டும் எழுதுகிறேன். கணினி வெறும் மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு பக்கத்தையும் அன்றே அச்செடுத்து, அந்தப் பட்டில் சுற்றி வைக்கிறேன்.