அம்மா ஓட்டிய அம்பாசிடரும் சித்தப்பா கொண்டுவந்த டீசல் எஞ்சினும்

சோக்கை இழுத்து ஸ்டார்ட்டரைப் போட்டதும் காருக்குள் லேசாக ஒரு பெட்ரோல் வாசனை வரும். கண்ணாடியை இறக்கிவிட்டால் போய்விடும். அம்மா இறக்கவே மாட்டாள். அவளுக்கு அந்த வாசனை அவ்வளவு பிடிக்கும்.

அபிராமபுரத்தில் எங்கள் தெருவில் அப்போது கார் ஓட்டிய ஒரே பெண் அம்மாதான். சாம்பல் நிற அம்பாசிடர். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கை கியர். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ரிவர்ஸ் எடுத்து கேட்டைத் தாண்டும்போது எதிர்வீட்டு மாமா பேப்பரைத் தாழ்த்திப் பார்ப்பார். பார்த்துக்கொள்ளட்டும் என்று போய்க்கொண்டே இருப்பாள்.

அப்பாவுக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. கடையை விட்டால் வேறு உலகம் கிடையாது. மீன் வாங்கப் பட்டினப்பாக்கம், பெரியம்மாவைப் பார்க்க அடையாறு, சும்மா காற்று வாங்க ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடற்கரை... எங்கே போகவும் அம்மா யாரையும் கேட்க வேண்டியதில்லை. சாவியை எடுப்பாள், கிளம்பிவிடுவாள். நானும் தம்பியும் பின்சீட்டில் தொற்றிக்கொள்வோம்.

பிறகு வண்டி புகை தள்ள ஆரம்பித்தது. ஆயில் குடித்தது. மந்தைவெளி மெக்கானிக் பார்த்துவிட்டு, எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் செய்து, புது பிஸ்டன் போட்டால் இன்னும் பல வருஷம் ஓடும் என்றார். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் எங்களுக்கு ஒரு சித்தப்பா இருந்தாரே!

நல்ல பெட்ரோல் எஞ்சினைக்கூடத் தூக்கிப் போட்டுவிட்டு ஆளாளுக்கு டீசல் எஞ்சின் மாட்டிக்கொண்டிருந்த காலம் அது. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஆம்பளைகள் கூடி நின்று மைலேஜ்தான் பேசுவார்கள். அடிபட்ட வேனிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சின் ஒன்று தனக்குத் தெரிந்த இடத்தில் இருக்கிறது என்று சித்தப்பா சொன்னதும், அப்பா தலையாட்டிவிட்டார்.

போர் செய்தாலே போதும் என்று மெக்கானிக் சொன்னாரே என்று அம்மா கேட்டாள். அப்பா அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"எஞ்சினைப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நீ ஓட்டுறதோட நில்லு."

அவள் ஓட்டுவதற்கும் சேர்த்துத்தான் வேட்டு வைத்தார்கள்.

டீசல் எஞ்சின் நல்ல கனம். வண்டியின் மூக்கே கீழே இறங்கிவிட்டது. ஸ்டீயரிங்கைத் திருப்புவது ஆட்டுக்கல்லைச் சுற்றுவது மாதிரி இருந்தது. கிளட்ச் அதற்கு மேல். அப்பாவே ராத்திரி தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வார், ஆனால் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அம்மாவிடம் மட்டும், போகப் போகப் பழகிவிடும் என்பார்.

அம்மாவும் மல்லுக்கட்டினாள். ஒருநாள் தெருமுனையில் திரும்பும்போது ஸ்டீயரிங் பாதிக்கு மேல் வரவில்லை. வண்டி நேராகப் போய் முனைவீட்டு காம்பவுண்டு சுவரில் முட்டி நின்றது. ஹெட்லைட் உடைந்ததோடு சரி, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சித்தப்பாவுக்கு அது போதாதா? "மதினி, சேலையைக் கட்டிக்கிட்டு மெதுவா ஓட்டுற வண்டியில்ல இது. கையில தெம்பு வேணும்" என்றார். அப்பா சிரித்தார். அதற்கப்புறம் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அம்மா சுவரில் முட்டிய கதைதான். சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். கூடவே அம்மாவும் சிரிப்பாள். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பட்டினப்பாக்கத்தில் மீன்கார அக்கா கேட்டுவிட்டார்.

"இன்னாம்மா, ஆட்டோல வந்துகினு கீற? வண்டி இன்னா ஆச்சு?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் ஓட்ட வரலை" என்றாள் அம்மா.

பிறகு மீன் வீட்டு வாசலுக்கே வர ஆரம்பித்தது. பெரியம்மா வீட்டுக்குப் போவதென்றால் அப்பாவுக்குக் கடையில் ஓய்வு கிடைக்க வேண்டும். கடற்கரைப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

அப்பா போய்விட்டார். சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். டீசல் எஞ்சினும் என்றைக்கோ செத்து, வண்டி உறை போட்டு மூலையில் கிடந்தது. இப்போது தம்பிக்குப் பழைய கார் மோகம். எங்கெங்கோ அலைந்து முதலில் இருந்த மாதிரியே பெட்ரோல் எஞ்சின் ஒன்றைப் பிடித்து அதில் மாட்டி, பெயிண்ட் அடித்து, ஃபேமிலி குரூப்பில் போட்டோ போட்டிருந்தான். 'அப்பாவின் கனவு மீண்டும் ஓடுகிறது' என்று தலைப்பு. கீழே வரிசையாக ஹார்ட். அப்பாவின் கனவாம்!

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் ஃபிளாட்டுக்கு வண்டியைக் கொண்டுவந்தான். டிரைவர் சீட்டில் சும்மா உட்காரும்மா, ஒரு போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்றான். அம்மா உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள்.

பார்க்கிங்கைச் சுற்றி ஒரே ஒரு ரவுண்டு. மூலையில் தூணை ஒட்டி அழகாகத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தினாள். தம்பி பதறிப்போய் போட்டோவே எடுக்கவில்லை.

நான் தினமும் ஒற்றை விரலால் பவர் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டு ஆபீஸ் போகிறவள். அது ஒரு பெரிய விஷயம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

அம்மா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கில் கையை வைத்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அப்ப எனக்கு ஓட்டத் தெரிஞ்சுதான்டி இருந்திருக்கு, இல்ல?"