திங்கட்கிழமை மாத்திரை

இதை எழுத உனக்குத் தகுதி இருக்கிறதா என்று யாராவது கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். பத்தாவதோடு நின்றவள். பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிப் போனால்கூட ‘இறங்கணுங்க’ என்று குரல் கொடுக்க வாய் வராமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து வந்திருக்கிறேன். ரத்தத்தைப் பற்றியும் அதில் ஓடும் அணுக்களைப் பற்றியும் எழுதப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மன்னிக்க வேண்டும். ஆனால் பஞ்சுத் தூசியை மூச்சில் இழுத்தவர்கள் நாங்கள். எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். இதில் பிழை இருந்தால் நான் புரிந்துகொண்டதில் இருக்கும் பிழை. சொல்லிக்கொடுத்தவரின் பிழை அல்ல.

நான் வேலை பார்ப்பது அருள்புரம் தாண்டி ஒரு சின்ன நூல் மில்லில். பனியன் கம்பெனிகளில் வெட்டி விழும் துணித்துண்டுகளும், பெரிய மில்கள் கழித்துப் போட்ட பஞ்சும் எங்களிடம் வரும். துணியை மிஷின் கிழித்துப் பஞ்சாக்கும். இரண்டையும் கலந்து தடிமனான நூலாக ஓட்டுவார்கள். கலக்கும் இடத்துக்கு மிக்சிங் என்று பெயர். நீளமான மேசைக்கு இரண்டு பக்கமும் பெண்கள் நின்றுகொண்டு, கலந்து கிடக்கும் பொத்தான், பிளாஸ்டிக், ஈரத்தில் கெட்டியான கட்டி எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டுப் பஞ்சை உதற வேண்டும். உதறினால் எழும் தூசி ஜன்னல் வெயிலில் தெரியும். வெயில் இல்லாத நாளில் தெரியாது, அவ்வளவுதான்.

மிக்சிங்கில் நின்ற எல்லோருக்கும் திங்கட்கிழமை என்றால் என்னவென்று தெரியும். ஞாயிறு லீவு. வீட்டில் துணி துவைத்து, கறி எடுத்துச் சமைத்து, நன்றாகத்தான் இருப்போம். திங்கள் வேலைக்குப் போனால் மத்தியானத்துக்குள் நெஞ்சில் யாரோ ஈரப் பஞ்சு மூட்டையை வைத்த மாதிரி அடைக்கும். மாலையில் காய்ச்சல் போல மேல் காயும். செவ்வாய் கொஞ்சம் குறையும், புதனுக்கு மறந்துபோகும். ஓய்வு எடுத்த மறுநாள்தான் உடம்பு கெடுகிறது என்பதால், வீட்டில் இருப்பவர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். என் வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். நானும் பாதி நம்பினேன்.

அதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மில்லுக்கு எதிரில் ஒரு மெடிக்கல் ஷாப். திங்கட்கிழமை காலையில் கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் கேட்காமலே அட்டைகளிலிருந்து மாத்திரைகளைக் கத்தரித்து ஒரு காகிதக் கவரில் போட்டுத் தருவார். ஒரு குட்டி வெள்ளை, ஒரு மஞ்சள், ஒரு பெரிய வெள்ளை. இதற்கு செட்டு என்று பெயர். செட்டைப் போட்டு, மத்தியானம் ஒரு வாழைப்பழத்தைத் தின்றால் நாள் ஓடிவிடும். பழம் தூசியை வயிற்றுக்கு இறக்கிவிடும் என்று நம்பிக்கை. டீ குடிப்பது போல அதையும் செய்தோம்.

ஒரு வருஷம் எனக்கு மட்டும் புதன்கிழமை வந்தும் நெஞ்சு விடவில்லை. எங்கள் வீடு மாடியில். படிக்கட்டின் நடுவில் நின்று, செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொள்வேன், யாரும் பார்த்துவிடக் கூடாதென்று. மிக்சிங்கை விட்டுவிடு என்றார்கள் வீட்டில். விட எனக்கு மனமில்லை. கூச்சக்காரியான எனக்கு நாலு பேரோடு நின்று சிரித்த இடம் அது ஒன்றுதான்.

அப்போதுதான் கோயமுத்தூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்தார். மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்பவர். முதலாளியிடம் அனுமதி வாங்கி, மிக்சிங் பெண்களை மட்டும் உட்கார வைத்துப் பேசினார். எனக்குப் புரிந்தது இது. நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன. கிருமி நுழைந்தால் முதலில் ஓடி வருபவை அவை. பஞ்சுத் தூசியில் செத்த கிருமிகளின் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அது நெஞ்சுக்குள் போனதும், உயிருள்ள கிருமியே வந்துவிட்டது என்று இந்த அணுக்கள் கூடி, மற்றவற்றையும் கூப்பிடும். அந்தக் கூட்டத்தில்தான் மூச்சுக்குழாய் வீங்குகிறது, மேல் காய்கிறது. தினமும் அதே தூசி என்றால் கொஞ்சம் பழகிப்போய் அடங்கியிருக்கும். லீவு விட்டால் அந்தப் பழக்கம் கலைந்துவிடுகிறதோ என்பதுதான் அவர் தேடுவது. இந்த வகை அணுக்களுக்கு ஞாபகமே கிடையாது என்று முன்பு நினைத்திருந்தார்களாம். இப்போதைய ஆராய்ச்சியில் அவற்றுக்கும் ஒருவித ஞாபகம் உண்டு என்று தெரிந்திருக்கிறது. அது எத்தனை நாள் நிற்கும், எதனால் கலையும் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

சனிக்கிழமை மாலை, திங்கள் காலை, திங்கள் மாலை ரத்தம் எடுப்பார்கள். மூச்சின் பலத்தைப் பார்க்க ஒரு குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். ரத்தத்தில் உள்ள அணுக்களை எங்கள் மில் தூசியாலேயே சீண்டிப் பார்ப்பார்களாம், எவ்வளவு கத்துகின்றன என்று. அணு கத்தும் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சோம்பேறித்தனம் இல்லை என்று யாரோ முதல்முறையாகச் சொன்ன மாதிரி இருந்தது.

முதலாளி எல்லார் முன்னாலும் ஒன்று சொன்னார். “தூசியாலதான் வருதுன்னு கண்ணுல காட்டுங்க, மேசைக்கு மேல தூசி உறிஞ்சற குழாய் போட்டுத் தர்றனுங்க. சும்மா சொன்னா நான் போட மாட்டனுங்க.” அந்தக் குழாய் வந்தால் நான் மிக்சிங்கிலேயே இருக்கலாம். வராவிட்டால் படிக்கட்டு என்னை வீட்டில் உட்கார வைத்துவிடும்.

ரத்தம் கொடுக்க நாங்கள் தயாரானதைச் சொல்லியாக வேண்டும். என் எதிரில் நிற்பவள் தேனிப் பக்கத்துக்காரி. பத்துப் பேர் சத்தத்தை ஒருத்தியே போடுவாள். பீட்ரூட் பொரியல் செய்து எல்லோருக்கும் கொண்டுவந்தாள். “கோயமுத்தூரு வரைக்கும் போற ரத்தம்டி, வெளிறிப்போயி கெடந்தா நமக்குத்தான அசிங்கம்” என்றாள். மற்றவர்கள் தலைக்குக் குளித்து, பூ வைத்து வந்தார்கள். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வழக்கம்போல எதிர்க்கடையில் நின்று செட்டைப் போட்டுக்கொண்டு, ஊதப் போனோம். மாத்திரை மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா ஒவ்வொருவரையும் கேட்டார். எல்லோரும் இல்லை என்றோம். பொய் சொல்ல நினைத்து யாரும் சொல்லவில்லை. மாத்திரை என்றால் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுப்பது. செட்டு அந்தக் கணக்கில் வரும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

சில வாரங்கள் கழித்து அவர் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. மிக்சிங் பெண்களின் அணுக்கள் திங்கட்கிழமையும் அமைதியாகவே இருக்கின்றன, ஊதியதிலும் வித்தியாசம் இல்லை என்று மேனேஜரிடம் சொன்னார். மேனேஜருக்குச் சந்தோஷம். “நான்தான் அப்பவே சொன்னனுங்களே. இவிங்களுக்கெல்லாம் ஊட்டுல வெறகடுப்புப் புகைங்க, மில்லுல ஒண்ணுமில்லீங்க” என்றார். என் வீட்டில் கேஸ் அடுப்பு. அதைக்கூட நான் சொல்லவில்லை.

டாக்டரம்மா பெட்டியை எடுத்துக் காரில் வைத்துக்கொண்டிருந்தார். அதுவும் ஒரு திங்கட்கிழமை. செட்டுக் கவர் என் இடுப்பில் இருந்தது. காலையில் அவசரத்தில் போட மறந்திருந்தேன். நெஞ்சு அடைக்க ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் ஒன்றுதான் என்று அவர் எழுதிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தபோது, அடைப்பைவிட அது பெரிதாகத் தெரிந்தது. ரத்தம் எடுத்த அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். போடாமல் இடுப்பில் இருந்த கவர் மட்டும்தான். போய்க் கார் பக்கத்தில் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல் கவரை நீட்டினேன்.

அவர் பிரித்துப் பார்த்தார். குட்டி வெள்ளை மாத்திரையை மட்டும் விரலில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது யார் குடுத்தாங்க?”

“கடையிலதானுங்க. திங்கக்கிழமை மட்டுந்தானுங்க போடுவோம்.”

“ரத்தம் எடுத்த அன்னைக்கும் போட்டீங்களா?”

“ஆமாங்க. எல்லாரும் போட்டுட்டுத்தானுங்க வந்தோம்.”

அவர் மாத்திரையைக் கவருக்குள் திரும்பப் போட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். “தப்பு என்னோடதும்தான். நான் கேட்ட விதம் சரியில்லை” என்றார். அந்தக் குட்டி மாத்திரை அணுக்களை வாய் மூடச் சொல்லும் மருந்து. மஞ்சள் மாத்திரை சளிக்கு, பெரிய வெள்ளை மூச்சுக்குழாயை விரித்துவிடும். அதனால்தான் எங்கள் ரத்தம் பேசவே இல்லை, ஊதியதும் நன்றாக இருந்தது. தேவையானவருக்கு டாக்டர் பார்த்துக் கொடுத்தால் நல்ல மருந்துதான். கண்டபடி போட்டுக்கொண்டே இருந்தால், நிஜமாகவே கிருமி வரும் நாளிலும் அணுக்கள் எழுந்து வராது என்றார்.

இன்னொரு முறை எடுக்க முடிவானது. திங்கட்கிழமை மட்டும் செட்டுப் போடுகிறவர்கள் அந்த வாரம் போடாமல் வர வேண்டும். மூச்சு முட்டினால் உறிஞ்சும் மருந்தோடு அவரே பக்கத்தில் இருப்பார். தினமும் போடுகிறவர்கள் யாராவது இருந்தால் திடீரென்று நிறுத்தவே கூடாது, அது ஆபத்து, தனியாக வந்து பார்க்க வேண்டும் என்றார். தேனிக்காரி தலை குனிந்துகொண்டாள். கொஞ்ச காலமாக அவள் முகம் பௌர்ணமி மாதிரி உப்பியிருந்ததை, சதை போட்டிருக்கிறாள் என்று கேலி செய்திருந்தோம். அவள் தினமும் போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா அவளைத் தனியே கூட்டிப்போய், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். பரிசோதனையில் அவளைச் சேர்க்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் கடைக்காரர் கவரை எடுத்து வைத்திருந்தார். “ஏனுங்க்கா, செட்டு” என்று கூப்பிட்டார். வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். முதுகில் அவர் பார்வை இருந்தது. திரும்பவில்லை.

பதினொரு மணி டீக்குள் அடைக்க ஆரம்பித்தது. மத்தியானம் கைகள் கனத்தன. மறைக்க மாத்திரை இல்லாமல் அதை முழுதாக அனுபவித்தபோதுதான், இத்தனை வருஷம் உள்ளே என்ன நடந்துகொண்டிருந்தது என்று தெரிந்தது. உள்ளே கூட்டம் கூடுகிறது, கூடட்டும், இன்று கூடித்தான் ஆக வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே பஞ்சை உதறினேன். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி அழுதுகொண்டே மில் கேட் பக்கம் போனாள், எதிர்க்கடைக்குத்தான். பின்னால் இன்னும் இரண்டு பேர்.

கேட்டில் தேனிக்காரி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு உட்கார்ந்திருந்தாள். கால்களை அகலமாக நீட்டி வழியை அடைத்திருந்தாள்.

“எங்கிட்டுப் போறீக?”

“முடியலீங்க்கா” என்றாள் முன்னால் போனவள்.

“முடியலைன்னா உள்ள டாக்டரம்மா இருக்காக, அங்கிட்டுப் போ. கடைக்குப் போகணும்னா என்னையத் தாண்டித்தேன் போகணும். என்னையத் தாண்ட ஒனக்கு ஏணி வேணும்டி, மூஞ்சியே இம்புட்டு இருக்கு.” தன் கன்னத்தைத் தானே கிள்ளிக் காட்டினாள். “நான் குடுக்க முடியாத ரத்தம். நீங்களாச்சும் ஒழுங்காக் குடுங்க.”

அழுதவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு இருமலாகி, அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். ஊத வைத்து, ரத்தம் எடுத்து, மருந்தை உறிஞ்ச வைத்து, வீட்டுக்கு அனுப்பினார். மற்ற இருவரும் ஆளுக்கொரு பழத்தை வாங்கிக்கொண்டு மேசைக்குத் திரும்பினார்கள்.

மாலையில் ஊத வேண்டிய நேரத்தில் எனக்குக் காய்ச்சல் அடித்தது. மருந்தை இப்போதே உறிஞ்சிக்கொள்ளுங்கள், கட்டாயமில்லை என்றார் டாக்டரம்மா. “ஊதிட்டு எடுத்துக்கறனுங்க” என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. குழாயில் ஊதினேன். காலையில் ஊதியபோது திரையில் மேடு மாதிரி ஏறிய கோடு, இப்போது பாதி ஏறி விழுந்துவிட்டது. மேனேஜர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தவளும் ஊதினாள், அதற்கடுத்தவளும். கோடுகள் அப்படியேதான் விழுந்தன. மேனேஜர் விறகடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். முதலாளியிடம் பேசுவது கேட்டது.

ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில் அடுக்கினார்கள். அணுக்கள் என்ன சொல்கின்றன என்று தெரியச் சில வாரங்கள் ஆகும் என்றார் டாக்டரம்மா. நான் மருந்தை உறிஞ்சிவிட்டு, மூச்சு இறங்கும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தேனிக்காரி மீதியிருந்த ஒரு பழத்தை உரித்து என் கையில் வைத்தாள். இது தூசியை இறக்காது என்று இப்போது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் தின்றேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வேலைக்குப் போனேன். பத்து மணிக்கு ஓர் ஆள் டேப்போடு வந்து மிக்சிங் மேசையின் நீளத்தையும், மேலே கூரை உயரத்தையும் அளந்துகொண்டு போனார்.